சரிட்டி நம்பர் இல்லாத சிறு முதியோர் சங்கம்: சமூக அறக்கட்டளையிடம் கிராண்ட் கேட்க முடியுமா?

புதன்மலர் (கேள்வி)

வணக்கம். கனடாவில் அஜாக்ஸ் நகரிலுள்ள ஒரு தமிழ் முதியோர் சங்கத்துக்கு நான் செயலாளர். புதன்கிழமைகளில் காலை பத்து முதல் ஒரு மணிவரை வாடகை மண்டபத்தில் 38 பேர் கூடுகிறோம். கதிரையில் இருந்தபடி உடற்பயிற்சி, பிறகு தேத்தண்ணி, தாயம், ஊர்க்கதை. ஒன்ராறியோவில் இலாப நோக்கற்ற சங்கமாகப் பதிந்து நாலு வருடம் ஆகிறது. வங்கிக் கணக்கு உண்டு, சரிட்டி நம்பர் (பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு வரித் திணைக்களம் கொடுக்கும் எண்) இல்லை.

பனிக்காலம்தான் எங்கள் பிரச்சினை. டிசம்பர் வந்தால் 38 பேர் 11 பேராகிவிடுவார்கள். போன தை மாதம் ஒரு அம்மா பஸ் நிறுத்தத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதோடு வருவதை நிறுத்திவிட்டார். போன் எடுத்தால் "வெயில் வரட்டும் பிள்ளை" என்பார். அவரைப் போல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்களை வான் வண்டியில் ஏற்றி வந்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். 16 வாரத்துக்கு 9,000 டொலர் என்று கணக்குப் போட்டோம்.

போன வருடம் ஒரு சமூக அறக்கட்டளைக்கு எழுதினோம். இரண்டே வரியில் மறுப்பு வந்தது. சங்கத்தின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், விழாப் படங்களும் வைத்தேன். எங்கே பிழைத்தது?

ஸ்காபரோதம்பி

அக்கா, சமூக அறக்கட்டளையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மத்திய அரசின் நியூ ஹொரைசன்ஸ் திட்டம் முதியோருக்கென்றே உள்ளது. இலாப நோக்கற்ற சங்கமாக இருந்தாலே கேட்கலாம், சரிட்டி நம்பர் தேவையில்லை. சமூகத் திட்டங்களுக்கு 25,000 டொலர்வரை கொடுக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள்.

கொக்குவில்அக்கா

தங்கச்சி, ஒரு அறக்கட்டளையின் விண்ணப்பம் பார்க்கும் குழுவில் மூன்று வருடம் தொண்டராக இருந்தேன். மாலை நேரத்தில் மேசையில் முப்பது நாற்பது விண்ணப்பம் கிடக்கும். சங்கம் எப்போது தொடங்கியது, யார் தலைவர், எத்தனை பொங்கல் விழா என்று வாசித்துக்கொண்டே போவோம். இவர்களுக்குப் பணம் கொடுத்தால் யாருடைய வாழ்க்கையில் என்ன மாறும் என்பது கடைசிவரை வராது. நீங்கள் இங்கே எழுதியதில் இருக்கிறது: 38 பேர் 11 ஆகிறார்கள். விண்ணப்பத்தின் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

சரிட்டி நம்பர் விஷயம். ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் ஆர்ஆர் என்று வரும் அந்த நம்பர் உள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலும் முன்பு கொடுக்க முடிந்தது. 2022 ஜூனில் வருமானவரிச் சட்டத்தை மாற்றினார்கள். பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணித்துப் பதிந்து வைத்தால், நம்பர் இல்லாத சங்கத்துக்கும் ஒரு சரிட்டி நிதி கொடுக்கலாம். ஆனால் எல்லா அறக்கட்டளையும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. எழுதுவதற்கு முன் கிராண்ட் பார்க்கும் அலுவலரை போனில் பிடித்துக் கேளுங்கள். பத்து நிமிடம் கதைத்தால் இரண்டு வாரம் வீணாகாது. முடியாது என்றால், நம்பர் உள்ள ஒரு சரிட்டியோடு சேர்ந்து விண்ணப்பம் போட வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள்: "எங்களுக்குப் பொருந்தும் நிதியம் எது?" சமூக அறக்கட்டளை என்பது ஒரே உண்டியல் இல்லை. 1921இல் வினிப்பெக்கில் ஒரு வங்கியாளர் போட்ட ஒரு இலட்சம் டொலரோடு கனடாவில் தொடங்கிய முறை இது. போட்ட முதற்பணத்தைத் தொடாமல், அதிலிருந்து வரும் வருமானத்தைக் கொடுப்பார்கள். கொடுத்தவர்களில் பலர் "இது முதியோருக்கு", "இது பிள்ளைகளின் படிப்புக்கு" என்று எழுதியே கொடுத்திருப்பார்கள். தவறான நிதியத்தில் போய் விழுந்தால் நல்ல விண்ணப்பமும் தோற்கும்.

யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் ஒளிவு மறைவு இல்லை. ஒவ்வொரு சரிட்டியும் வருடாவருடம் ரி3010 என்ற படிவம் கொடுக்க வேண்டும். வரித் திணைக்களத்தின் தளத்தில் அதை யாரும் பார்க்கலாம். வழக்கமாக 5,000 கொடுக்கிற இடத்தில் 9,000 கேட்கக் கூடாது.

உங்கள் 9,000ஐ உடைத்துக் காட்டுங்கள், பார்க்கிறேன்.

புதன்மலர்

நன்றி அக்கா. வான் 3,520 (ஒரு ஓட்டம் 110, வாரத்துக்கு இரண்டு). பயிற்றுநர் 1,360. மண்டபம் 1,680. காப்புறுதி 650. இதர செலவு 1,790.

கொக்குவில்அக்கா

அந்த "இதர செலவு" என்னுடைய கண்ணையே குத்துகிறது, குழுவில் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? எடுத்துவிடுங்கள். 7,210 கேளுங்கள். அதோடு நீங்கள் போடுவதையும் எழுதுங்கள். வாரம் மூன்று தொண்டர்கள், ஆளுக்கு நாலு மணித்தியாலம் என்றால் 16 வாரத்தில் 192 மணித்தியாலம். நம் சனம் தங்கள் உழைப்பை ஒருபோதும் கணக்கில் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

விழாப் படங்கள் வேண்டாம். வரவுப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை, பெயர்களை மறைத்து வையுங்கள். நவம்பரில் நிறைந்திருக்கும் பக்கமும் தையில் வெறுமையாகக் கிடக்கும் பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

வரவுசெலவு

சேர்ந்து போடுவதென்றால் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு பெரிய அமைப்போடு வாய்ப்பேச்சில் சேர்ந்தோம். நிர்வாகச் செலவென்று பத்து வீதம் எடுப்பார்கள் என்று பணம் வந்த பிறகுதான் தெரிந்தது. அறிக்கையை யார் எழுதுவது என்பதிலும் இழுபறி. எடுப்பது தப்பில்லை, முதலே சொல்லியிருந்தால் கணக்கில் சேர்த்திருப்போம். ரசீதுகளை அன்றன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். பெட்ரோல் ரசீது மூன்று மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

புதன்மலர்

எல்லோருக்கும் நன்றி. இன்று அலுவலரோடு கதைத்தேன். நம்பர் இல்லாவிட்டால் சேர்ந்துதான் போட வேண்டுமாம். முதியோருக்கென்று ஒரு நிதியம் இருக்கிறதாம், இலையுதிர் காலத்தில் திறக்குமாம். பக்கத்து நகரில் ஒரு சரிட்டியிடம் ஒப்பந்த நகல் கேட்டிருக்கிறேன்.

முதல் பந்தி இப்படி மாறியிருக்கிறது: "நவம்பரில் எங்களிடம் 38 பேர் வருகிறார்கள். தையில் 11 பேர். மற்ற 27 பேரும் பனியில் விழப் பயந்து வீட்டுக்குள் இருக்கிறார்கள்."

விழுந்த அம்மாவைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே போன் எடுத்துக் கேட்டேன். பெயர் வேண்டாம், மற்றபடி எழுது என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வலது கை என்று சரியாகப் போடு பிள்ளை, நான் கடிதம் எழுதுகிற கை அது" என்றார்.