சிங்கப்பூர் மாதிரி இவ்வளவு சின்னத் தீவுக்கு டாங்கிப் படை எதற்கு?

ஈசூன்வாசி:
தம்பிக்கு தெக்கோங் தீவில் ராணுவ அடிப்படைப் பயிற்சி முடிந்து கவசப் படையில் போட்டிருக்கிறார்கள், சுங்கை கெடோங் முகாம். அம்மாவுக்கு ஒரே கவலை, அது வேறு விஷயம். எனக்குப் புரியாதது இதுதான்: தீவு முழுக்க வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியும் விரைவுச்சாலையும், இதில் 60 டன் டாங்கியை எங்கே ஓட்டிச் சண்டை போடுவது? தேசிய தின அணிவகுப்புக்கு மட்டும்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஏடு:
1942லிருந்து பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அந்த வருஷம் ஜனவரி 7, விடிவதற்கு முன்னால், மலாயாவின் பேராக் மாநிலத்தில் சிலிம் ரிவர் பக்கம் ஜப்பானிய டாங்கிகள் பெரிய சாலையிலேயே நேராக வந்து, பாலங்களைத் தகர்ப்பதற்குள் அவற்றைக் கடந்து, 11வது இந்திய டிவிஷனைச் சிதறடித்துவிட்டன. பிரிட்டிஷ்காரர்களிடம் மலாயாவில் ஒரு டாங்கிகூட இல்லை. காடும் ரப்பர் தோட்டமும் டாங்கிக்கு ஆகாது என்று நினைத்திருந்தார்கள். இந்தியப் பையன்கள் நிறையப் பேர் இருந்த டிவிஷன் அது, படிக்கும்போது இன்னும் மனசு கனக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு இஸ்ரேலிய ஆலோசகர்கள் உதவியோடு ராணுவத்தைக் கட்டியபோது, இஸ்ரேலிடமிருந்தே 72 ஏஎம்எக்ஸ்-13 வாங்கினோம். பிரெஞ்சு டாங்கி, பழையதைப் புதுப்பித்துக் கொடுத்தது, 15 டன்தான் இருக்கும், இந்த வட்டாரத்துப் பாலங்களுக்கும் சாலைகளுக்கும் தோது. 1969 ஆகஸ்ட் 9 அன்று பாடாங் திடலில் 18 டாங்கிகள் அணிவகுத்து வந்தன. அப்போது மலேசியாவிடம் டாங்கியே கிடையாது. அதனால் அணிவகுப்புக்கு மட்டுமா என்று கேட்டால், அந்த ஒரு நாள் அணிவகுப்பே பெரிய வேலை செய்தது என்பேன், எங்களைத் தொட்டால் சும்மா இருக்க மாட்டோம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

பழைய_டிராக்:
நான் எம்113 கவச வண்டியில் இருந்தவன். தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் படை தோ பாயோ மாதிரிக் குடியிருப்புப் பேட்டையில் சண்டை போட வைத்திருப்பது இல்லை. பின்வாங்க இடமில்லாத நாடு, எதிரி கரையேறி வரும்வரை காத்திருக்க முடியாது. வேகமாகப் போய் முதலில் அடித்து, சண்டையைத் தீவுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நடந்து போகும் காலாட்படை மட்டும் போதாது.

டாங்கியும் தனியாகப் போகாது. பக்கத்தில் பயோனிக்ஸ், ஹண்டர் மாதிரிக் கவச வண்டிகளில் காலாட்படை, ஆற்றைக் கடக்கப் பாலம் போடும் வண்டி, பின்னால் பீரங்கி ஆதரவு, எல்லாம் சேர்ந்து நகரவேண்டும். சேர்ந்து நகர்வதைப் பழக இங்கே இடம் போதாது, அதனால்தான் ஆஸ்திரேலியாவில் ஷோல்வாட்டர் பே, லெப்பர்ட் டாங்கிக்கு ஜெர்மனி என்று அனுப்புகிறார்கள். 2006இல் அறிவித்து ஜெர்மனியிலிருந்து வாங்கிய 66 லெப்பர்ட் 2ஏ4 ஏஎம்எக்ஸின் இடத்தைப் பிடித்தது. ஹண்டர் 2019இல் வந்தது, இங்கேயே வடிவமைத்தது, 3 பேர் ஓட்டினால் போதும். ஆள் குறையும் நாட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் அம்மாவிடம் சொல்லுங்கள், பையன் டிராக் (வண்டிச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) மாட்டிக் கழற்றியே தோளும் கையும் வைரமாகித்தான் வீட்டுக்கு வருவான். அந்த வேலையை மட்டும் அவன் அலட்சியம் செய்யக்கூடாது, டிராக் கழன்றால் மொத்த வண்டியும் நடுவழியில் நின்றுவிடும், கூட வருகிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

ஜூரோங்_மேற்கு:
எல்லாம் சரி, ஆனால் உக்ரேனில் மலிவான ட்ரோன் டாங்கியை எரிக்கிறதே? அந்தப் பணத்தை வேறு எதிலாவது போடலாமே.

பழைய_டிராக்:
நியாயமான கேள்வி. அங்கே டாங்கிகள் நிறைய எரிந்தது உண்மை. ஆனால் அதே உக்ரேன் மேற்கு நாடுகளிடம் லெப்பர்ட் வேண்டும் என்று விடாமல் கேட்டது, 2023இல் வாங்கியும் கொண்டது. குண்டு விழும் இடத்தில் ஆட்களைக் கவசம் இல்லாமல் எப்படி முன்னே கொண்டுபோவது? ட்ரோன் அந்த வேலையைச் செய்யாது. ட்ரோனைத் தடுக்கும் கருவிகளை வண்டியோடு சேர்ப்பதில்தான் இனிப் பணம் போகவேண்டும், வண்டியையே விட்டுவிடுவதில் இல்லை.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணா. சிலிம் ரிவர் கதை பள்ளியில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. தம்பி வார இறுதியில் வீட்டுக்கு வருகிறான், அம்மாவையும் உட்காரவைத்து இதைப் படிக்கச் சொல்கிறேன்.