பாப்பாவுக்குக் கண்ணாடி

நான்: இப்பதான் கண் ஆஸ்பத்திரியில இருந்து வந்தோம். பாப்பாவுக்குக் கண்ணாடி எழுதியிருக்காங்க. இடது கண்ணுல ஒண்ணும் இல்ல. வலது கண்ணுல ப்ளஸ் 4.5.

அம்மா: 6 வயசுப் புள்ளைக்கா? நம்ம வீட்ல யாருக்குடா இருக்கு! பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் குடுங்க, சரியாப் போயிரும்

தம்பி: டிவி எல்லாம் நல்லாத்தானண்ணே பாக்குறா?

நான்: ஒரு கண்ணு நல்லாத் தெரியுதுல்ல, அதான் யாருக்கும் பிடிபடல. ஞாயித்துக்கிழமை அவளை ஹால் கோடியில நிக்க வச்சு நாள் காலண்டரைப் படிக்கச் சொன்னேன். வலது கண்ணைப் பொத்தினா தேதி, கிழமை எல்லாம் கடகடன்னு சொன்னா. இடது கண்ணைப் பொத்தினதும் என் கையைத் தட்டித் தட்டி விடுறா. “செவப்பா ஏதோ எழுதியிருக்குப்பா”ங்கறா. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு

அக்கா: மருந்து ஊத்திப் பாத்தாங்களா?

நான்: ஆமாக்கா, முக்கா மணி நேரம் கண்ண மூடி உக்கார வச்சாங்க

அக்கா: அப்பச் சரி. ஊத்தலேன்னா சின்னப் பிள்ளைங்க கண்ணு தன்னால இழுத்துப் பிடிச்சுப் பாத்துரும், உண்மையான பவர் வராது. இன்னிக்கு வெயில் கூசும், கிட்ட மங்கலாத் தெரியும். வீட்டுப்பாடம் வேணாம்.
அம்மா, கீரை நல்லதுதான், மாலைக்கண் வராது. ஆனா இவளுக்கு அந்தக் கண்ணு முழி நீளம் கம்மி. கீரை தின்னு முழி வளராது. மங்கலா வர்றத மூளை ஒதுக்கிக்கிட்டே இருந்தா அந்தக் கண்ணு பாக்கவே பழகாது. சோம்பல் கண்ணும்பாங்க

நான்: அதேதான் சொன்னாங்க. கொஞ்ச மாசம் கண்ணாடி போட்டுப் பாத்துட்டு, பத்தலேன்னா நல்ல கண்ணை தினம் 2 மணி நேரம் ஒட்டுப் போட்டு மறைக்கணுமாம்

அம்மா: நல்ல கண்ணையா?!

அக்கா: ஆமாம்மா, அப்பத்தான் மத்தது வேலை செய்யும். 7 வயசுக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது

அம்மா: கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்பாங்களே

அக்கா: கண்ணாடியால ஏறாது. போடாம விட்டாத்தான் இவளுக்குக் கெடுதல்

தம்பி: அக்கா, என் பையன் பக்கத்துப் பையன் நோட்டப் பாத்து எழுதுறான்னு டைரியில எழுதி விட்டாங்க. போன வாரம் அடிச்சுட்டேன்

அக்கா: கண்ணைச் சுருக்கிப் பாக்குறானா?

தம்பி: ஆமாக்கா

அக்கா: போர்டு தெரியலயோ என்னவோடா. கிட்டப்பார்வையா இருக்கும். தினம் வெளிச்சத்துல 2 மணி நேரம் விளையாட விடு, அது வராமத் தடுக்க உதவும். வந்துருச்சுன்னா கண்ணாடிதான். அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கண்ணாடி இலவசமாவே தர்றாங்க, ஸ்கூல்ல கேளு

தம்பி: இப்ப காலண்டருக்கு எதுக்க நிக்க வச்சேன். ரெண்டு கண்ணுலயும் தேதி தெரியலங்கறான். “அடிப்பீங்களாப்பா”ன்னு கேக்குறான்

தம்பி: நாளைக்கு லீவு சொல்லிட்டேன்