55 இன்ச்: ஓஎல்இடியா, க்யூஎல்இடியா? சனிக்கிழமைக்குள் முடிவு செய்யணும்

கூடல்நகர்:
வணக்கம். வீட்டுக்கு 55 இன்ச் டிவி பார்க்கிறோம். கடையில் ஒருவர் ஓஎல்இடிதான் பெஸ்ட் என்கிறார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் க்யூஎல்இடி எடுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்கிறார். ஆஃபர் சனிக்கிழமையோடு முடிகிறது. எதை எடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

திண்ணை:
பட்ஜெட்? மாடல்? ஹாலா, பெட்ரூமா? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படி?

ஃபிரேம்ரேட்:
ஓஎல்இடி. யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், பின்னால் தனி விளக்கு கிடையாது. கருப்பு வர வேண்டிய இடத்தில் பிக்சல் அணைந்தே போய்விடும். லைட்டை அணைத்துவிட்டு ஒரு இருட்டுக் காட்சி பாருங்கள், அப்புறம் வேறு டிவி பிடிக்காது.

வால்வு ரேடியோ:
இதே கேள்விக்கு மாதாமாதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்கலாமே தம்பி. சரி, இன்னொரு முறை. க்யூஎல்இடி என்பது எல்சிடிதான், அதாவது திரை தானே ஒளிராது. பின்னால் எல்இடி விளக்கு, நடுவில் குவாண்டம் டாட் என்ற நுண்துகள் ஃபிலிம், முன்னால் அதே எல்சிடி பேனல். அந்த ஃபிலிம் நிறத்தை நன்றாகக் காட்டும். கருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போதாததற்கு 2022-ல் குவாண்டம் டாட் சேர்த்த ஓஎல்இடியும் வந்துவிட்டது. இதெல்லாம் தெரியாதவர்கள்தான் "இரண்டும் ஒன்று" என்பார்கள்.

திண்ணை:
அவர் எதை வாங்கலாம் என்றுதான் கேட்டார் சார், பாடம் கேட்கவில்லை.

கூடல்நகர்:
ஹால்தான். பட்ஜெட் 90 வரை. இப்போது இருப்பது 32 இன்ச் எல்இடி.

மழைக்காகம்:
90 ஆயிரம்தானே? ஜன்னல் எந்தப் பக்கம்? யார், என்ன, எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? சோபா நேர் எதிரிலா, பக்கவாட்டிலா?

கூடல்நகர்:
ஆமாம், ஆயிரம். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். அம்மா மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை சீரியல், நடுவில் அப்பா செய்தி. கேபிள் பாக்ஸ். நான் சனி, ஞாயிறு படம் பார்ப்பேன். சோபா நேர் எதிரில், பத்தடி இருக்கும்.

மழைக்காகம்:
இதைச் சொல்லாமல் என்ன கேட்டீர்கள்! உங்கள் வீட்டுக்கு ஓஎல்இடி சரிப்படாது. ஃபிரேம்ரேட் சொன்ன கருப்பு உண்மைதான், ஆனால் அது இருட்டு அறையில். நாலு மணி வெயில் திரையில் விழும்போது அந்தக் கருப்பில் ஜன்னல்தான் தெரியும். அதைவிட முக்கியம், தினமும் ஒரே சேனல் லோகோ ஒரே மூலையில், செய்தியின் சிவப்புப் பட்டை அதே அடிப்பகுதியில். அந்த இடத்துப் பிக்சல்கள் மற்றதைவிட வேகமாகத் தேயும். சில வருடத்தில் சேனலை மாற்றினாலும் நிழல் மாதிரி நிற்கும். இதற்கு வாரண்டி உண்டா என்று அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஃபிரேம்ரேட்:
பர்ன்-இன், அதாவது நிழல் நிற்பது எல்லாம் பழைய கதை. இப்போது வரும் டிவியில் படத்தை லேசாக நகர்த்துவது, லோகோ இடத்தை மங்கலாக்குவது எல்லாம் இருக்கிறது. அணைத்த பிறகு பேனலைத் தானே சரிசெய்தும் கொள்ளும்.

மழைக்காகம்:
"அணைத்த பிறகு" என்றால் ரிமோட்டில் அணைத்துவிட்டு, மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது. கூடல்நகர், உங்கள் வீட்டில் ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைப்பீர்களா?

கூடல்நகர்:
அப்பா கட்டாயம் அணைப்பார். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவார்.

மழைக்காகம்:
அப்படியானால் அந்த வேலை நடக்கவே நடக்காது. மினி எல்இடி பாருங்கள். அதுவும் எல்சிடிதான், ஆனால் பின்னால் குட்டிக் குட்டி விளக்குகள், பகுதி பகுதியாக அணைந்து எரியும். பகலில் வெளிச்சம் தாங்கும், லோகோ பயமில்லை. க்யூஎல்இடி என்று எழுதியிருந்தாலே இது இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்துவிட்டு அந்தப் பெயரில் விற்பதும் உண்டு. "லோக்கல் டிம்மிங் உண்டா, எத்தனை ஸோன்?" என்று கேளுங்கள், அதாவது பகுதி பகுதியாக அணையுமா, எத்தனை பகுதி என்று. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடவிட்டு, எழுத்தைச் சுற்றி வெளிச்சம் எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. நேர் எதிரில் உட்காருவதால் விஏ பேனல் போதும். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 3000:1-க்கு மேல் வரும், ஐபிஎஸ்ஸில் 1000:1 சுற்றித்தான். பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் விஏ வெளிறும், ஐபிஎஸ் அவ்வளவாக வெளிறாது.

மின்பொறி:
எந்த டிவி எடுத்தாலும் ஸ்டெபிலைசர் போடுங்கள். யாரும் இதைச் சொல்லவே இல்லை.

வால்வு ரேடியோ:
ஸ்டெபிலைசரா? எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? டிவிக்குப் பின்னால் 100–240 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படித்திருக்கிறீர்களா? மின்னழுத்தம் ஏறி இறங்கினால் உள்ளே இருக்கும் பவர் சப்ளை, அந்த எஸ்எம்பிஎஸ்ஸே பார்த்துக்கொள்ளும்.

மின்பொறி:
240 வரைதானே பார்த்துக்கொள்ளும்? தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 300-க்கு மேல் வரும் சார். எங்கள் தெருவில் வந்திருக்கிறது, வரிசையாக டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போனது. வோல்ட் ஏறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஹை கட் இருந்த வீட்டில் தப்பியது.

வால்வு ரேடியோ:
அதற்கு ஹை கட் மட்டும் போதும், ஸ்டெபிலைசர் எதற்கு? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசாதீர்கள்.

மின்பொறி:
டிவிக்கென்று விற்கும் ஸ்டெபிலைசரில் ஹை கட்டும் சேர்ந்தே வருகிறது. நீங்கள் கடைப்பக்கம் போய் எவ்வளவு நாளாச்சு?

திண்ணை:
இடிக்கு இரண்டும் உதவாது. கேபிள் வயர் வழியாகவும் இறங்கும். கூடல்நகரின் அப்பா செய்வதுதான் சரி, கேபிளையும் சேர்த்துப் பிடுங்கச் சொல்லுங்கள். இழையை டிவிக்குத் திருப்புங்கள்: 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22 முதல். பழைய எம்ஆர்பியை அடித்துக் காட்டி அந்தக் குறைப்பையே "ஆஃபர்" என்று சொன்னால் ஏமாறாதீர்கள்.

மழைக்காகம்:
இன்னொன்று. கேபிள் பாக்ஸ் எச்டி இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள், எச்டிஎம்ஐ வயரில் இணையுங்கள். எச்டி இல்லாத 576 வரிப் படத்தை 2160 வரி 4கே திரையில் இழுத்துப் போட்டால், எந்த டெக்னாலஜியாக இருந்தாலும் சீரியலில் முகம் மெழுகு மாதிரிதான் தெரியும். புது டிவியைவிடப் பழையதே நன்றாக இருந்தது என்று அம்மா சொல்வார்கள்.

கூடல்நகர்:
மினி எல்இடி எடுத்தாச்சு. நாளைக்கு டெலிவரி. எல்லாருக்கும் நன்றி.

மழைக்காகம்:
நல்லது. கையெழுத்துப் போடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டிவி முதலில் கேட்கும்போது கடைக்கான ஸ்டோர் மோட் வேண்டாம், ஹோம் மோட் தேர்ந்தெடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சினிமாவும் சீரியல் மாதிரியே வழுக்கும்.

வால்வு ரேடியோ:
என்ன மாடல், எத்தனை ஸோன்? சொன்னால் அடுத்து வருபவர்களுக்காவது உதவும்.

ஃபிரேம்ரேட்:
திரை 120 ஹெர்ட்ஸா, நொடிக்கு 120 முறை படம் மாறுமா?

மின்பொறி:
ஸ்டெபிலைசர் வாங்கினாரா, இல்லையா?