ஃபேக்டரி வேலை போனதுக்கு காரணம் டிரேட் டீலா, மெஷினா? ரெண்டு வாரமா சண்டை, யாராச்சும் தீர்த்து வைங்க

லஞ்ச்_பிரேக்_லாயர்:
வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஃபேக்டரி வேலை போன கதையைப் பத்திதான் கேள்வி. எங்க டீம்ல ரெண்டு பேருக்கு ரெண்டு வாரமா இதே சண்டை, நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். ஒருத்தர் சொல்றார், 1994ல நாஃப்டா (அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணும் போட்டுக்கிட்ட வர்த்தக ஒப்பந்தம்) வந்துச்சு பாருங்க அன்னைக்கே கதை முடிஞ்சுது, கம்பெனி எல்லாம் மெக்சிகோவுக்கு மூட்டையக் கட்டிடுச்சு, 92 எலெக்‌ஷன் டிபேட்லயே சுயேச்சையா ஜனாதிபதிக்கு நின்ன ராஸ் பெரோ "தெக்க பக்கமா வேலையெல்லாம் உறிஞ்சிட்டுப் போற சத்தம் கேக்கும்"னு சொன்னாரு, எவனும் காதுல வாங்கலைன்னு. இன்னொருத்தர் அதெல்லாம் அரசியல்வாதி விடுற கதை, ரோபோ வந்துச்சு ஆள் போச்சு அவ்ளோதான், டீல் போட்டாலும் போடாட்டியும் போயிருக்கும்ங்கிறார். ரெண்டு பேருமே கூகுள்ல பாத்துட்டு ஆளுக்கொரு கிராஃப் கொண்டு வர்றாங்க, ரெண்டு கிராஃபும் பாக்க கரெக்டாதான் இருக்கு. எனக்கு எகனாமிக்ஸ் தெரியாது. கட்சி சண்டை வேணாம் ப்ளீஸ், விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டியல்_பிரியன்:
ரெண்டு பேருமே பாதி ரைட்டு நண்பா. முதல்ல நம்பரைப் பாப்போம். அங்க மேனுஃபேக்சரிங்ல ஆள் எண்ணிக்கை உச்சத்துல இருந்தது 1979ல, கிட்டத்தட்ட 1.95 கோடி பேரு. நாஃப்டா அமலுக்கு வந்த 1994 ஜனவரில 1.7 கோடிக்கு கொஞ்சம் கம்மி. அதுக்கப்புறம் விழுந்திருக்கணும்ல? விழல, ஏறிச்சு. 1998ல சுமார் 1.76 கோடி. அதனால "நாஃப்டா வந்த அன்னைக்கே முடிஞ்சுது"ங்கிறது மொத்தக் கணக்குல நிக்காது. (மொத்தக் கணக்குலன்னு சொல்றேன், ஒவ்வொரு ஊருக்கும் போனா வேற கதை.)

நிஜமான சரிவு 2000க்கு அப்புறம். அப்போ 1.73 கோடி மாதிரி இருந்தது 2010 ஆரம்பத்துல 1.15 கோடி ஆயிடுச்சு. பத்து வருஷத்துல மூணுல ஒரு பங்கு. ரோபோ என்ன 2001ல திடீர்னு வானத்துலேர்ந்தா குதிச்சுது? 2008 கிரைசிஸ் கொஞ்சம் அடிச்சுது, சரி, ஆனா அதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல போயாச்சு.

நடுவுல நடந்தது சீனா. 2000ல அமெரிக்க காங்கிரஸ் (அவங்க பார்லிமென்ட்) சீனாவுக்கு நிரந்தர சாதாரண வர்த்தக அந்தஸ்து கொடுத்துச்சு, 2001 டிசம்பர்ல சீனா உலக வர்த்தக அமைப்புல (டபிள்யூடிஓ) சேந்துச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பாயின்ட் ஒண்ணு இருக்கு. அன்னைக்கு சீனா சரக்குக்கு வரி ஒண்ணும் பெருசா குறையல! ஏற்கனவே கம்மி வரிதான் போட்டுட்டு இருந்தாங்க, ஆனா வருஷா வருஷம் காங்கிரஸ்ல அதை நீட்டிக்கணும், ஒரு வருஷம் நீட்டிக்காம விட்டா சராசரியா 30 சதவீதப் புள்ளிக்கு மேல வரி எகிறிடும். அந்த பயத்துலயே பல கம்பெனி அங்க போய் பெருசா முதல் போடத் தயங்கிட்டு இருந்துச்சு. நிரந்தரம்னு ஆனதும் பயம் போச்சு, பயத்தோட சேந்து ஃபேக்டரியும் போச்சு. எந்தப் பொருளுக்கு அந்த வரி பயம் அதிகமா இருந்துச்சோ அந்தத் துறையிலதான் வேலை அதிகமா போயிருக்குன்னு பியர்ஸ், ஷாட்னு ரெண்டு எகனாமிஸ்ட் 2016ல காமிச்சாங்க.

மெஷின் பக்கம் பேசுற உங்க ஃப்ரெண்டு கொண்டு வர்ற கிராஃப் எதுன்னு யூகிக்க முடியுது. ஆள் குறையுது, உற்பத்தி மட்டும் ஏறிட்டே போகுது, அதானே? அதுல ஒரு சின்ன தில்லாலங்கடி இருக்கு. அந்த உற்பத்தி ஏத்தத்துல பெரும்பங்கு கம்ப்யூட்டர், சிப் துறையிலேர்ந்து வருது, போன வருஷ சிப்பை விட இந்த வருஷ சிப் வேகம் ஜாஸ்தின்னா புள்ளிவிவரத்துல அதை கூடுதல் உற்பத்தியா கணக்கு வச்சுக்குவாங்க. அந்த ஒரு துறையைத் தூக்கிட்டுப் பாத்தா மீதி எல்லாம் சேத்து வளர்ச்சி ரொம்ப சுமார்தான். சூசன் ஹவுஸ்மன்னு ஒரு எகனாமிஸ்ட் இதை வருஷக்கணக்கா கத்திட்டு இருக்காங்க.

பழைய_ஈஆர்பி:
நம்பர் எல்லாம் அண்ணன் சொல்லிட்டார், நான் கண்ணால பாத்ததை சொல்றேன். 2003ல கன்சல்டன்ட்டா ஒஹையோ பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் பிளான்ட்டுக்கு போனேன், கம்பெனி பேர் வேணாம். வேலை என்னன்னா சிஸ்டத்துல இருக்கிற பொருள் மாஸ்டர், ரூட்டிங் (என்னென்ன பொருள், எந்த வரிசைல செய்யணும்ங்கிற விவரம்) எல்லாத்தையும் ஒரு பிளான்ட் கோடுலேர்ந்து இன்னொரு பிளான்ட் கோடுக்கு மாத்தணும். எனக்கு அது ஒரு டேட்டா மைக்ரேஷன், அவ்ளோதான். ரெண்டாவது வாரம்தான் மண்டைல ஏறிச்சு, புது கோடு மெக்சிகோ பார்டர்ல ஹுவாரெஸ் ஊர்ல இருக்கிற பிளான்ட்டுன்னு.

அங்க செஞ்சது வயர் ஹார்னஸ். காருக்குள்ள ஓடுற ஒயர் எல்லாம் சேத்துக் கட்டின கொத்து. ஒரு கார்ல இருக்கிற ஒயரை நீட்டிப் போட்டா கிலோமீட்டர் கணக்குல வரும். பெரிய பலகை, அதுல ஆணி ஆணியா குச்சி நட்டிருக்கும், ஒவ்வொரு ஒயரையும் கையால எடுத்து குச்சிக்கு நடுவுல வளைச்சுப் போட்டு, நுனிய கனெக்டர்ல "டக்"குனு சத்தம் வர்ற வரைக்கும் தள்ளி, மேல டேப் சுத்தணும். லைன்ல இருந்த ஒரு அம்மா 22 வருஷமா இதேதான் செஞ்சுட்டு இருந்தாங்க, கட்டைவிரல் நுனி ரேகையே இல்லாம வழவழன்னு இருக்கும், ஒயரைப் பாக்கவே மாட்டாங்க, பேசிட்டே சுத்துவாங்க.

இங்கதான் மெஷினா டீலாங்கிற கேள்விக்கு எனக்கு பதில் கிடைச்சுது. அதே கம்பெனியோட இன்னொரு ஷெட்டுல தகடு அடிக்கிற பிரஸ் லைன் இருந்துச்சு. முன்னாடி முப்பது பேர் நின்ன இடத்துல ரெண்டு பேரு நின்னாங்க, மீதி ரோபோ கை. அந்த லைன் எங்கயும் போகல, அங்கயே இருந்துச்சு! தகடு கெட்டியா இருக்கு, ரோபோ புடிச்சு தூக்கிடும். ஒயர் தொளதொளன்னு இருக்கு, அதை ரோபோவால ஒழுங்கா புடிக்க முடியாது, அதனால கைதான் வேணும், கைன்னு ஆயிட்டா கூலி எங்க கம்மியோ அங்க போயிடும். விறைப்பா இருக்கிறதை மெஷின் தூக்கிட்டுப் போச்சு, தொளதொளப்பா இருக்கிறது பார்டர் தாண்டிப் போச்சு. துணி தைக்கிறது, செருப்பு, சோஃபாவுக்கு உறை போடறது எல்லாம் இந்த ரெண்டாவது ரகம்தான். உங்க ரெண்டு ஃப்ரெண்டும் வேற வேற ஷெட்டைப் பாத்துட்டு சண்டை போடறாங்க.

இன்னொண்ணு, ஹார்னஸ் வேலை நாஃப்டாவுக்காக காத்துட்டு இருக்கல. மெக்சிகோ பார்டர்ல மக்கிலாடோரான்னு எக்ஸ்போர்ட் ஃபேக்டரி திட்டம் 1965லயே ஆரம்பிச்சுது, ஒயர் எல்லாம் அப்பவே ஒண்ணு ரெண்டா கிளம்பிடுச்சு. டீல் வந்ததும் "இனி ரூல் மாறாது"ன்னு ஒரு தைரியம், அதுல மிச்சம் இருந்ததும் போச்சு. மேல அண்ணன் சீனாவுக்கு சொன்ன அதே பயக்கணக்குதான்.

டேரிஃப்_தம்பி:
இவ்ளோ பேசறதுக்கு வரியப் போட்டா முடிஞ்சுது. வெளிய செஞ்சு கொண்டு வந்தா காசு, உள்ள செஞ்சா ஃப்ரீ. சிம்பிள்.

நூலகவாசி:
தம்பி, போட்டுப் பாத்தாச்சுப்பா அதையும். 2018 ஆரம்பத்துல இறக்குமதி வாஷிங் மெஷினுக்கு வரி போட்டாங்க. சாம்சங் சவுத் கரோலினாவுலயும் எல்ஜி டென்னசியிலயும் ஃபேக்டரி போட்டது உண்மை, வேலையும் வந்துச்சு, சுமார் 1,800 வேலைன்னு ஒரு ஆய்வு சொல்லுது. ஆனா வாஷிங் மெஷின் விலை கிட்டத்தட்ட 12 சதவீதம் ஏறிச்சு. இதுல கூத்து என்னன்னா துணி காய வைக்கிற டிரையர் விலையும் அதே அளவு ஏறிச்சு, டிரையருக்கு வரியே கிடையாது! ரெண்டையும் ஜோடியா வாங்குறாங்க, அதனால கடைக்காரன் ஏத்தினதை ரெண்டு மேலயும் பிரிச்சுப் போட்டுட்டான். மொத்தமா ஜனங்க கூடுதலா கொடுத்த காசுல வரியா வசூலானதைக் கழிச்சுட்டு மிச்சத்தை அந்த வேலை எண்ணிக்கையால வகுத்தா ஒரு வேலைக்கு வருஷத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல விழுந்துச்சாம். அந்தக் காசுல அந்த ஆளுங்களை வீட்லயே உக்கார வச்சு ராஜா மாதிரி பாத்துக்கலாம்.

வரின்னு ஒண்ணு இருந்தா குறுக்கு வழியும் கூடவே பொறந்துடும். வெளிநாட்டுல செஞ்ச சரக்கு வண்டிக்கு அங்க 1964லேர்ந்து 25 சதவீத வரி, பயணிகள் காருக்கோ ரொம்ப காலமா வெறும் 2.5 தான் இருந்துச்சு. ஃபோர்டு என்ன பண்ணுச்சு, சரக்கு வேனுக்கு பின்சீட்டு, ஜன்னல் எல்லாம் மாட்டி "இது பயணிகள் வண்டி"ன்னு துருக்கிலேர்ந்து இறக்கி, உள்ள வந்ததும் சீட்டைக் கழட்டிடுவாங்க. கோர்ட்டு கேஸ்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு, 2024ல 36.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க.

ஆனா தம்பி கோவம் எனக்குப் புரியுது, அதுல தப்பில்லை. டீல் போட்டா மொத்தத்துல நாட்டுக்கு லாபம், தோத்தவங்களுக்கு அந்த லாபத்துலேர்ந்து ஈடு கட்டிடலாம்னுதான் பாடப்புத்தகம் எல்லாம் சொல்லிச்சு. "கட்டிடலாம்"ங்கிறதுக்கும் "கட்டினாங்க"ங்கிறதுக்கும் நடுவுல எத்தனை ஊர் காலியாச்சுன்னு பாருங்க. ஆட்டர், டோர்ன், ஹான்சன்னு மூணு எகனாமிஸ்ட் தோண்டினதுல தெரிஞ்சது என்னன்னா, வேலை போனவங்க வேற ஊருக்கும் போகல, வேற துறைக்கும் போகல, பெரும்பாலும் அங்கயே தேங்கிட்டாங்க. அவங்களும் சக ஆய்வாளர்களும் போட்ட கணக்குல 1999லேர்ந்து 2011 வரை சீனா இறக்குமதியால போன வேலை 20லேர்ந்து 24 லட்சம், ஃபேக்டரிக்கு வெளிய போனதும் சேத்து. நாஃப்டாவுக்கும் இதே மாதிரி ஒரு ஆய்வு இருக்கு, அடிபட்ட ஊர்ல ஃபேக்டரி வாசப்படியே மிதிக்காத ஹோட்டல் சர்வர் பொண்ணுக்குக் கூட சம்பளம் ஏறாம நின்னுச்சு. இருக்கிற கொஞ்ச வேலைக்கு எல்லாரும் போட்டிக்கு வந்துட்டா சம்பளம் எப்படி ஏறும்.

லஞ்ச்_பிரேக்_லாயர்:
யப்பா. நான் ஒரு வரில பதில் வரும்னு நெனச்சேன். சரி, ஈடு கட்டறதுக்குன்னு அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலையா? அப்புறம் பழைய_ஈஆர்பி சார், அந்த அம்மா என்ன ஆனாங்க?

நூலகவாசி:
பண்ணாங்க, பேருக்கு. கென்னடி காலத்துல 1962லயே ஒரு திட்டம், இறக்குமதியால வேலை போனா ட்ரெய்னிங், கூடுதல் காலத்துக்கு உதவித்தொகைன்னு. ஆனா தானா வராது, தொழிலாளிங்க மூணு பேராவது சேந்தோ யூனியன் மூலமாவோ லேபர் டிபார்ட்மென்ட்டுக்கு மனு போட்டு, வேலை போனது இறக்குமதியாலதான்னு அவங்க விசாரிச்சு சர்டிஃபை பண்ணணும். சீனா அடிச்ச ஊர்கள்ல இந்தத் திட்டத்துல வந்த காசை விட ஊனமுற்றோர் உதவித்தொகையா வந்த காசு பல மடங்கு. ஆளுங்க எந்தப் பக்கமா வெளிய போனாங்கன்னு இதுலயே தெரியுது. 2022 ஜூலையோட திட்டமே காலாவதி, புது மனுவை விசாரிக்கிறது இல்லை.

நாஃப்டாவை மாத்தி 2020 ஜூலைல வந்த புது டீல்ல காரோட 40லேர்ந்து 45 சதவீதம் மணிக்கு 16 டாலராவது வாங்குற ஆளுங்க செஞ்சதா இருக்கணும்னு போட்டிருக்காங்க, மெக்சிகோ ஃபேக்டரில யூனியனை அமுக்கினா புகார் கொடுக்கவும் வழி வச்சிருக்காங்க. இதை 1993லயே எழுதியிருக்கலாம், அப்போ தொழிலாளர் விஷயத்தை பக்கத்துல ஒரு துணை ஒப்பந்தமா ஓரங்கட்டிட்டாங்க.

பழைய_ஈஆர்பி:
அந்த அம்மா கதை கேட்டீங்கள்ல. கடைசி மாசம் ஹுவாரெஸ்லேர்ந்து எட்டு பேர் வந்தாங்க, எல்லாம் சின்னப் பொண்ணுங்க, இவங்கதான் சொல்லிக் கொடுக்கணும். சொல்லிக் கொடுத்தாதான் செட்டில்மென்ட்ல முழுசும் கைக்கு வரும்னு கம்பெனி கண்டிஷன். பாஷை தெரியாது, ஆனா அந்த பொண்ணுங்க கையைப் புடிச்சு டேப் எந்த கோணத்துல சுத்தணும்னு காமிச்சாங்க, கோவமெல்லாம் இல்லை, "பாவம் இதுங்க, எங்களுக்கு ஒரு மணிக்கு குடுத்தது இதுங்களுக்கு ஒரு நாளைக்காம்"னு என்கிட்ட சொன்னாங்க.

மேல சொன்ன அந்தத் திட்டத்துல அவங்க பிளான்ட்டுக்கு சர்டிஃபிகேட் கிடைச்சுது, யூனியன் மனு போட்டுச்சு. ஃபார்ம்ல எந்தப் பொருள், எத்தனை, எந்தத் தேதிலேர்ந்து வெளிய போச்சுன்னு விவரம் கேட்டிருந்தாங்க, ஹெச்ஆர் என்கிட்டதான் ரிப்போர்ட் எடுக்கச் சொன்னாங்க. நானே மாத்தின பிளான்ட் கோடு, நானே எடுத்த லிஸ்ட். அந்த அம்மா நர்சிங் உதவியாளர் கோர்ஸ்ல சேரப் போறேன்னாங்க, 56 வயசு அப்போ. பேரன் கிட்ட டைப் அடிக்க கத்துக்கிட்டு இருக்கேன்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது, என்னை அடுத்த பிளான்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்கயும் அதே வேலைதான்.