கேதார்காந்தா பனிக்கால ஏற்றம்: கம்பிச்சுருள் போதுமா, மைக்ரோஸ்பைக் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். வரும் ஜனவரியில் உத்தரகண்டின் சாங்க்ரி கிராமத்திலிருந்து கேதார்காந்தாவுக்கு ஏறவிருக்கிறோம். உச்சி ஏறத்தாழ 12,500 அடி உயரம். கடைசிக்கட்ட ஏற்றம் விடியுமுன்னரே இறுகிய பனியின்மேல் தொடங்கும் என்கிறார்கள். காலணியின்மேல் மாட்டிக்கொள்ள, ரப்பர் வலையில் கம்பிச்சுருள் கோத்த வகையும், சங்கிலியில் எஃகு முட்கள் பொருத்திய மைக்ரோஸ்பைக் வகையும் கடையில் உள்ளன. முன்னது எடையும் விலையும் குறைந்தது. உடன் வரும் தங்கைக்கு இதுவே முதல் மலைப்பயணம் என்பதால் சுமையைக் குறைக்க விரும்புகிறேன். சுருள் வகை போதுமா, அல்லது காலணியில் இறுகப் பூட்டும் நீண்ட முட்கள் கொண்ட கிராம்பானே தேவைப்படுமா?

மறுமொழி 1:
சுருள் வகையை இந்தப் பயணத்துக்கு வாங்க வேண்டாம். பனி படிந்த சமதளத் தெருக்களில் நடப்பதற்கு அது நன்றாக உதவும். சாய்ந்த பனிக்கட்டியில் சுருள் உள்ளே இறங்காது, சரிவில் குறுக்கே நடக்கும்போது ரப்பர் வலையும் பக்கவாட்டில் நழுவும். மைக்ரோஸ்பைக்கின் முட்கள் ஏறத்தாழ 1 செ.மீ. நீளம் கொண்டவை. கதூலா நிறுவனத்தின் மைக்ரோஸ்பைக்கில் ஒரு காலுக்கு 12 முட்கள் இருக்கின்றன. இணையின் எடை, அளவைப் பொறுத்து, 350 கிராம் அளவில்தான் வரும்.

பலரும் உச்சியை மட்டுமே எண்ணி அஞ்சுகிறார்கள். என் கணிப்பில் அதைவிடக் கவனம் வேண்டிய இடம் காட்டுப்பாதை. நூற்றுக்கணக்கானோர் மிதித்து இறுக்கிய பனி பகலில் சற்றே உருகி இரவில் மீண்டும் உறைவதால், மரநிழலில் அது கண்ணாடிபோல் வழுக்கும். இறங்கும்போது உடல் எடை முழுவதும் அந்தப் பரப்பின்மேல் விழுகிறது. தங்கையின் சுமையைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதையாவது விட்டுச் செல்லுங்கள்.

மறுமொழி 2:
மேற்கூறியதை ஏற்கிறேன். கிராம்பான் தேவையில்லை: அதற்கு விறைப்பான அடித்தளமுள்ள காலணி வேண்டும், பழக்கமில்லாதவர்களுக்கு அதன் நீண்ட முட்கள் காற்சட்டையில் சிக்கித் தடுமாறவும் வைக்கும். ஆனால் மைக்ரோஸ்பைக்குக்கும் எல்லை உண்டு. முழங்காலளவு புதுப்பனியில் முட்கள் இறுகிய அடுக்கை எட்டாததால் அதனால் பயன் மிகக் குறைவு. செங்குத்தான, கல்லாக இறுகிய சரிவில் அதை மட்டும் நம்பி ஏறக் கூடாது. வெயில் ஏறிய பின் ஈரப்பனி சங்கிலிக்கடியில் உருண்டையாகத் திரண்டு முட்களை மூடிவிடும். கைத்தடியால் தட்டி உதிர்த்துக்கொண்டே இறங்குங்கள். வெறும் பாறை வந்தால் கழற்றிவிடுவது நல்லது, இல்லையேல் முனைகள் விரைவில் மழுங்கும்.

மறுமொழி 3:
சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும்போது ரப்பரை இழுத்து, சங்கிலி வளையம் சேரும் இடத்தில் வெடிப்பு உள்ளதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மைக்ரோஸ்பைக்கே எடுத்துக்கொள்கிறோம். தங்கையிடம் இருப்பது மென்மையான ஓட்டக் காலணி, அதன்மேல் மாட்டலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். இழுவிசையுள்ள ரப்பர் மென்மையான காலணியை அழுத்தி விரல்களின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ஈரமும் எளிதில் உள்ளே இறங்கும். அந்தக் குளிரில் இரண்டும் சேர்வது ஆபத்தானது. கணுக்காலை மூடும், நீர் புகாத மலையேற்றக் காலணியைத் தடித்த காலுறையுடன் அணியச் செய்து, அதன்மேல் மாட்டிப் பார்த்தே அளவைத் தேர்ந்தெடுங்கள். கையுறை அணிந்தபடியே மாட்டிக் கழற்றும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளட்டும்; அங்கே அதை இருட்டில் செய்ய வேண்டியிருக்கும்.