பொருள்: ஸ்லைடுக்கு ‘மேலுறை’ பொருந்தவில்லை

[மடல் 1 – பேர்னிலிருந்து]

வணக்கம் எல்லோருக்கும்.

நமது கலைச்சொல் அகரமுதலியில் கைத்துப்பாக்கி உறுப்புகளைச் சேர்த்தபோது ஸ்லைடுக்கு, அதாவது ஒவ்வொரு சூட்டிலும் பின்னால் ஓடித் திரும்பும் மேல்பாகத்துக்கு, ‘மேலுறை’ என்று போட்டோம். அன்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தச் சொல்லை வைத்து ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது.

கட்டுரை என் துவக்கைப் பற்றியது. சிக் பி210 கைத்துப்பாக்கி. சுவிஸ் இராணுவம் 1949இல் எடுத்துக்கொண்டதால் இங்கே பழைய ஆட்களுக்கு அது ‘பிஸ்டோல் 49’. 1975இல் பி220 வரும்வரை படையின் கைத்துப்பாக்கி அதுதான். ரைன் அருவிக்குப் பக்கத்தில் நொய்ஹவுசனில் செய்தார்கள். துவக்கின் சட்டத்தை, அதாவது பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்தை (ஃபிரேம்), பிளாஸ்டிக்கில் செய்வதற்கு முந்திய காலத்துச் சாமான். சட்டம், ஸ்லைடு, குழல் எல்லாம் உருக்கு. கையில் எடுத்தால் ஏறத்தாழ 900 கிராம். ரவைக்கூட்டில் எட்டே ரவை (தோட்டா).

அதை வாங்க எனக்குப் பல வருடம் பிடித்தது. பணம் ஒரு காரணம் என்றால், பாஸ்போர்ட் அதைவிடப் பெரிய காரணம். இலங்கைக் குடியுரிமையோடு இருப்பவர்கள் துவக்கு வாங்குவதைச் சுவிஸ் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சில நாட்டவருக்கு மட்டுமான பட்டியல் ஒன்று உண்டு, அதில் நம் நாடும் இருக்கிறது. சுவிஸ் குடியுரிமை கிடைத்த பிறகுதான் மாநிலப் பொலிசில் கொள்முதல் அனுமதிக்கு விண்ணப்பித்தேன். அனுமதி ஆறு மாதம் செல்லும். நல்ல பி210 ஒன்றைத் தேடிப் பிடிக்க ஆறு மாதம் அதிகமில்லை, நம்புங்கள்.

பார்த்த முதல் இரண்டையும் விட்டுவிட்டேன். ஒன்றில் சட்டத்தில் ஓர் எண், ஸ்லைடில் வேறு எண். இதன் அருமையே உறுப்புகளை ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தியதில் இருக்கிறது. எண் மாறினால் யாரோ கலந்து கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்றதை எவரோ புதிதாக மெருகேற்றி, கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்திருந்தார். எழுத்துகளின் ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கிவிட்டது. மூன்றாவது, மணல் அடித்து மங்கலாக்கிய சாதாரண இராணுவத் துவக்கு. எண்ணுக்கு முன்னால் ஏ எழுத்து, அதாவது படைக்குப் போனது. பி (P) எழுத்து இருந்தால் தனியாருக்குப் போனது. மங்கல் ஒன்றைத்தான் எடுத்தேன்.

அதில் நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. பிடியின் இரு பக்கத் தகடுகளையும் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, என் உள்ளங்கைக்கு அளவாக வால்நட் மரத்தில் இழைத்துப் போட்டேன். உருக்கில் கை வைக்கவில்லை. அதனால் ஒரு தொல்லை அப்படியே இருக்கிறது: ஸ்லைடு பின்னால் வரும்போது குதிரை (சுடுவதற்குத் தட்டும் ஹேமர்) மடங்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதையைக் கடிக்கும். இந்த மாடலுக்குப் பேர்போன குணம் இது. அமெரிக்காவில் 2017இல் வந்த புதிய பி210இல் சட்டத்தின் பின்பக்கத்தை நீட்டி இதைச் சரிசெய்துவிட்டார்கள். “குதிரை கடித்துவிட்டது” என்று வீட்டில் சொன்னபோது ஒருவரும் மருந்து எடுத்துத் தரவில்லை, சிரித்தார்கள்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். நான் எழுத வேண்டிய வாக்கியம் இது:

“பி210இல் மேலுறை சட்டத்துக்கு உள்ளே ஓடுகிறது.”

உறை எப்படி ஐயா உள்ளே ஓடும்?

[மடல் 2 – கோவையிலிருந்து]

அண்ணா, வணக்கம்ங்க. நான் லேத் பட்டறைக்காரன். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. தொட வாய்ப்பும் கம்மி. உங்க துவக்கு சுடும் 9 மி.மீ. பாராபெல்லம் ரவை நம்ம ஊரில் தடை செய்யப்பட்ட விட்டம். லைசென்ஸ் எடுத்தாலும் பெரும்பாலும் .32 விட்டம்தான். ஆனா ஸ்லைடுன்னா தெரியும். கிராஸ் ஸ்லைடைத் தினம் நூறு தடவை உருட்டுகிறேன்.

> உறை எப்படி ஐயா உள்ளே ஓடும்?

படம் தேடிப் பார்த்தேன். கோல்ட் 1911 கைத்துப்பாக்கியில் ஸ்லைடு வந்து சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. சட்டத்தின் தண்டவாளம் வெளியே பார்த்து நிற்கிறது, ஸ்லைடின் பள்ளம் அதன் மேல் உட்கார்கிறது. அதை மட்டும் பார்த்தவர் மேலுறை என்று சொன்னதில் தப்பில்லை. உங்களுடையதில் அப்படியே தலைகீழ்: பள்ளம் சட்டத்தின் உள்சுவரில், தண்டவாளம் ஸ்லைடில். இப்படிச் செய்தால் தாங்கும் நீளத்தைக் கூட்டலாம். நீளம் கூடினால் ஆட்டம் குறையும். மெஷின் வேலையில் இது பால பாடம். உங்க துவக்கு துல்லியத்துக்குப் பேர் வாங்கியதில் இதற்கும் பங்கு இருக்கும்.

ஆக, எங்கே உட்கார்கிறது என்பதை வைத்துப் பெயர் வைத்தால் பாதித் துப்பாக்கிக்குப் பொருந்தாமல் போகும். எங்க பட்டறையில் எல்லாரும் ஸ்லைடு என்றுதான் சொல்கிறோம். ஸ்லைடு என்றே விட்டால் என்ன கெட்டுப்போகும் என்று ஒரு ஓரத்தில் தோணுது. திட்டாதீங்க.

[மடல் 3 – மதுரையிலிருந்து]

தம்பிகளுக்கு வணக்கம்.

ஸ்லைடு என்றே விடலாம் என்றால் இந்தக் குழுமத்துக்கு வேலையில்லை. ஆனால் அவசரமாக ஒன்றைப் போடுவதைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நேர்ப்பொருள் தேடினால் சறுக்கி, வழுக்கி, நழுவி மூன்றும் கைக்கு வரும். மூன்றும் ஆகா. ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்கிறோம். வழுக்கி என்றால் மழைக்காலத் திண்ணை நினைவுக்கு வருகிறது. தமிழில் சறுக்குவதும் நழுவுவதும் பிடி தவறுவது. ஆட்டமே இல்லாமல் இழைத்த ஒரு பொருளுக்கு, அதுவும் கையில் பிடிக்கும் ஆயுதத்துக்கு, பிடி தவறியதன் பெயரா?

எனக்கு ஆசையாக இருப்பது ‘ஓடம்’. தறியில் இழையோடு போய்த் திரும்பி வருவது ஓடம். நாடா என்றும் சொல்வர். போவதும் வருவதும் இரண்டும் அதில் அடங்கும். ஆனால் நெசவறியாதவர் காதில் பரிசல் துறை ஓடம்தான் விழும். நீங்களே சொல்லுங்கள்.

இடையில் ஒன்று. குதிரையை யாரும் சுத்தியல் ஆக்கிவிடாதீர்கள். சுத்தியல் ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு. குதிரை நம் புழக்கத்தில் இருக்கும் சொல். வீணையில் தந்தி ஏறி நிற்கும் கட்டையும் குதிரைதான், யாரும் குழம்பவில்லை.

[மடல் 4 – பேர்னிலிருந்து]

ஐயா, ஓடம் எனக்கும் பிடித்தது. ஆனால் உங்கள் மடலைப் படித்தபின் வேறொரு பக்கம் யோசனை போயிற்று.

குதிரையை விட மாட்டேன், பயப்படாதீர்கள். ஜெர்மன்காரருக்கு அது ஹான், சேவல். பிரெஞ்சுக்காரருக்கு ஷியன், நாய். ஒவ்வொருவர் துவக்கிலும் ஒரு பிராணி உட்கார்ந்திருக்கிறது, எங்களுடையதில் குதிரை.

இப்போது ஸ்லைடு. ஜெர்மனில் அதற்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று ஷ்லிட்டன், பனிச்சறுக்கு வண்டி. இன்னொன்று ஃபெர்ஷ்லுஸ், அதாவது அடைப்பு, பூட்டு. எங்கள் சுடும் கழகத்தில் நான் அதிகம் கேட்பது இரண்டாவதுதான். சுட்டு முடித்ததும் அதைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். பிரெஞ்சில் குலாஸ் என்பார்கள், அதுவும் குழலின் பின்வாயை அடைக்கும் பாகம். ஆங்கிலம் அதன் ஓட்டத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது. இவர்கள் அதன் வேலையைப் பார்த்து வைத்தார்கள்.

வேலை என்ன? ரவை வெடிக்கும் நொடியில் குழலின் பின்வாயை அடைத்து நிற்பது. பி210இல் குழலின் மேலுள்ள பற்கள் ஸ்லைடின் உள்பள்ளத்தில் மாட்டியிருக்கும். பின்னுதைப்பில் இரண்டும் சேர்ந்து கொஞ்சத் தூரம் பின்னால் வரும். அப்புறம் குழலின் பின்பக்கம் கீழே இறங்கிப் பற்கள் விலகும், குழல் நின்றுவிடும். ஸ்லைடு தனியே ஓடி, வெடித்த ரவையின் வெற்றுக் கோதை இழுத்து வெளியே எறிந்து, குதிரையை ஏற்றிவிட்டு, சுருள்வில் தள்ள முன்னால் வந்து அடுத்த ரவையை உள்ளே தள்ளி மறுபடி அடைத்துக்கொள்ளும். அடைப்பது, பூட்டுவது, திறப்பது. கதவில் இதைச் செய்வது தாழ்.

எனவே என் முன்மொழிவு: ஓடுதாழ்.

[மடல் 5 – சென்னையிலிருந்து]

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள் என்ற உரிமையில் மூன்று கேள்வி கேட்கிறேன்.

முதலாவது, ரைபிளின் போல்ட்டைத் தாழ் என்று ஏற்கெனவே அகரமுதலியில் வைத்திருக்கிறோம். குழம்பாதா? இரண்டாவது, தாழ் என்பது வினையும்கூட. ‘ஓடித் தாழ்வது’ என்று யாராவது படித்தால்? மூன்றாவது, ஓடு என்றால் எனக்குக் கூரை ஓடு.

[மடல் 6 – மதுரையிலிருந்து]

மூன்றாவதற்கு நான் பதில் சொல்கிறேன். கூரை ஓடாக இருந்தால் ஓட்டுத்தாழ் என்று இரட்டித்து வல்லினம் மிகும். ஓடுதாழ் வினைத்தொகை, மிகாது. விமான நிலையத்து ஓடுதளத்தையும் ஓடுபாதையையும் யாரும் கூரை வேய்ந்ததாக நினைக்கவில்லை.

இரண்டாவதும் அப்படியே. தாழ் திறந்தாள், தாழிட்டான் என்று இன்றும் எழுதுகிறோம். பெயர்ச்சொல் உயிரோடுதான் இருக்கிறது.

என் ஓடத்தைக் கரை சேர்த்துவிட்டேன்.

[மடல் 7 – பேர்னிலிருந்து]

> ரைபிளின் போல்ட்டைத் தாழ் என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். குழம்பாதா?

தங்கச்சி, குழம்பாது, உறவு தெரியும். ரைபிளில் கையால் திருகித் திறப்பது தாழ். எங்கள் பழைய கே31 ரைபிளில் திருகவே வேண்டாம், நேராகப் பின்னால் இழுத்தால் திறக்கும். அதை இழுதாழ் எனலாம். கைத்துப்பாக்கியில் தானே ஓடித் திறந்து தானே மூடுவது ஓடுதாழ். மூன்றும் ஒரே குடும்பம். மேலுறைக்கு இப்படிச் சொந்தக்காரர்கள் யாருமில்லை.

[மடல் 8 – கோவையிலிருந்து]

அண்ணா, ஸ்லைடு கட்சியிலிருந்து ராஜினாமா செய்துவிட்டேன். பட்டறையில் வேலை செய்யும் பையனிடம் ஒன்றும் விளக்காமல் படத்தை மட்டும் காட்டி, “இதில் ஓடுதாழ் எது?”ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு சரியாக விரலை வைத்தான். மேலுறை எதுன்னு கேட்டதற்குத் தோல் உறை போட்ட இன்னொரு படத்தைக் காட்டுகிறான்.

இன்னொன்று. பிடித்தகடு மாற்றியதற்கு என்ன சொல் போடப் போறீங்க? ‘தனிப்பயனாக்கம்’னு மட்டும் போட்டுடாதீங்க. அது கைப்பேசி மெனுவில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

[மடல் 9 – பேர்னிலிருந்து]

போட மாட்டேன். அந்த இடத்தில் ‘கைக்கு இழைத்தல்’ என்று எழுதியிருக்கிறேன். தச்சர் சொல்கிற மாதிரி இருக்கிறது, செய்ததும் தச்சு வேலைதான். அதைக் கலைச்சொல்லாக ஏற்ற வேண்டுமா என்பதைத் தனி இழையில் பேசலாம். உருக்கை அராவுபவர்களுக்கும் வண்ணம் ஏற்றுபவர்களுக்கும் அது போதாது.

திருத்திய பதிவு:

ஓடுதாழ் – கைத்துப்பாக்கியில் குழலின் பின்வாயை அடைத்து, ஒவ்வொரு சூட்டிலும் தானே பின்னோடித் திறந்து முன்னோடி மூடும் பாகம். சட்டத்தைக் கவ்வியோ சட்டத்துக்குள்ளோ ஓடும்.

ஓடுதாழ் நிறுத்தி – கடைசி ரவை தீர்ந்ததும் ஓடுதாழைத் திறந்தபடி பிடித்து நிறுத்தும் நெம்பு.

மேலுறை – நீக்கம்.

ஞாயிறு இரவு ஏற்றிவிடுவேன். மறுப்பு உள்ளவர்கள் அதற்குள் எழுதுங்கள். நான் சனி காலை சுடுதளத்தில் இருப்பேன், பதில் பிந்தும். குதிரை இன்னொரு முறை கடித்தால் தட்டச்சும் பிந்தும்.