கூந்தன்குளம் பக்கத்துப் பள்ளிக்குப் பைனாகுலர் கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. நாங்குநேரி வட்டாரத்தில் அரசு நடுநிலைப்பள்ளி ஆசிரியை நான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் எங்களுக்குப் பக்கம்தான். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. வீட்டோரத்து மரத்தில் நாரை கூடு கட்டினாலும் விரட்ட மாட்டார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் வரித்தலை வாத்தைத் தெளிவாகப் பார்த்ததே இல்லை. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது!

ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பிள்ளைகளோடு ஊர்ப் பெரியவர்களையும் சேர்க்க ஆசை. எந்தக் குளத்தில் எப்போது எது இறங்கும் என்று ஆடு மேய்க்கிற தாத்தாக்களுக்கு அத்துப்படி. அதை இனம் பிரித்துக் குறித்துவைக்கத்தான் ஆள் வேண்டும். பழக்கமுள்ளவர் யாராவது ஒரு சனிக்கிழமை வந்து சொல்லித் தர முடியுமா? சாப்பாடு, பஸ் செலவு எங்கள் பொறுப்பு. அப்புறம், பழைய பைனாகுலர், தமிழ்ப் பெயர் போட்ட பறவைப் படங்கள் இருந்தால் இரவலாகத் தாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.